கேட்பதும் காத்திருப்பதும்: ஸ்ரீரங்கம் கற்றுத் தந்த பிரார்த்தனை

நமது சங்க உறுப்பினர்கள் இன்று டெல்லி, மும்பை, கொல்கத்தா, புனே, பெங்களூரு, ஹைதராபாத் என்று பல ஊர்களில் பரவியிருக்கிறோம். ஊரும் பாஷையும் மாறினாலும், ஸ்வாமி சன்னதியில் நின்று "இதைக் கொடு, அதை நடத்தி வை" என்று கேட்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஹைதராபாத் அன்பர்களுக்கு சில்கூர் பாலாஜி கோவிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டிக்கொள்ளும்போது 11 பிரதக்ஷிணம், வேண்டியது நடந்தபின் வந்து 108 பிரதக்ஷிணம் என்பது அங்கே வழக்கம். வெளிநாடு செல்லும் பிள்ளைகள் அதிகம் வருவதால் "விசா பாலாஜி" என்றே பெயர் வந்துவிட்டது. உண்டியல் வைக்காத கோவில் என்பது அதற்குள்ள தனிப் பெருமை.

கேட்பதைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. கீதையின் ஏழாவது அத்தியாயத்தில் பகவான் தன்னை நாடி வருபவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார். துன்பப்படுகிறவன், அறிய விரும்புகிறவன், பொருளை விரும்புகிறவன், ஞானி என்ற அந்த நால்வரில் ஞானிக்கு முதலிடம் கொடுத்தாலும், நால்வருமே உயர்ந்தவர்கள் என்றுதான் சொல்கிறார். ஆகவே வேலைக்காகவும் வைத்தியத்துக்காகவும் கல்யாணத்துக்காகவும் கை கூப்புகிறவனுக்கும் அவர் சன்னதியில் இடம் உண்டு.

ஆனால் சமீப காலமாக நம்மிடையே கேட்பது கொஞ்சம் கொஞ்சமாக உத்தரவு போடுவதாக மாறி வருகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கம்பெனியில், இந்த ஊரில், வருகிற தை மாதத்திற்குள் என்று ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கிறோம். நடக்காவிட்டால் "அந்தக் கோவிலுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை, இந்தக் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள்" என்று ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்கிறோம். தெய்வத்தை நம்புவதற்கும் தெய்வத்தை வேலை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நம் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. நான் ஸ்மார்த்த குடும்பத்தில் பிறந்தவன். பணி ஓய்வுக்குப் பின் ஸ்ரீவைஷ்ணவ சரித்திரத்தை ஆர்வத்துடன் படித்தும், சம்பிரதாயம் அறிந்த பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

விபீஷணன் காட்டிய வழி

ஸ்ரீமத் ராமாயணத்தை சரணாகதி சாஸ்திரம் என்றே பெரியோர் சொல்வார்கள். அதற்கு முக்கிய காரணம் விபீஷணன். அண்ணனுக்கு நல்லது சொல்லி, ஏற்கப்படாமல், நான்கு துணைவர்களுடன் கடலைத் தாண்டி ராமனிடம் வந்து நிற்கிறான். தென் கரையில் திருப்புல்லாணி க்ஷேத்திரம் இன்றும் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது. தன் ராஜ்யமும் உயிரும் சுகமும் இனி ராமனிடத்திலேயே இருக்கின்றன என்பதுதான் விபீஷணன் சொன்னதன் சாரம். பட்டாபிஷேகத்துக்கு நாள் குறிக்கச் சொல்லவில்லை. லக்ஷ்மணனைக் கடல் நீர் கொண்டுவரச் சொல்லி அங்கேயே அபிஷேகம் செய்வித்தது ராமனின் முடிவு.

பிற்காலத்தில் அஹிர்புத்ந்ய ஸம்ஹிதை, லக்ஷ்மீ தந்திரம் போன்ற பாஞ்சராத்ர நூல்களின் வழியில் சரணாகதிக்கு ஆறு அம்சங்கள் சொல்லப்பட்டன. பகவானுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி ஆனுகூல்ய சங்கல்பம். அவருக்கு ஒவ்வாததை விடுவது ப்ராதிகூல்ய வர்ஜனம். அவர் கட்டாயம் காப்பார் என்ற அசையாத நம்பிக்கை மஹாவிச்வாசம். "நீயே காக்க வேண்டும்" என்று வாய்விட்டு வேண்டுவது கோப்த்ருத்வ வரணம். என்னால் ஆவது ஒன்றுமில்லை என்ற பணிவு கார்ப்பண்யம். தன்னையே ஒப்படைத்துவிடுவது ஆத்ம நிக்ஷேபம்.

இந்த ஆறையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். வேண்டுவது இதில் இருக்கிறது. ஆறில் ஒன்றாக, நான்காவதாக இருக்கிறது. அதற்கு முன்னால் நம்பிக்கை வருகிறது. அதற்குப் பின்னால் பணிவும் ஒப்படைத்தலும் வருகின்றன. நாம் நாலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் விட்டுவிட்டால்தான் பிரார்த்தனை உத்தரவாகிவிடுகிறது.

கூரத்தாழ்வான் கேட்ட வரம்

ஸ்ரீ ராமாநுஜரின் (சம்பிரதாயக் கணக்கில் 1017–1137) பிரதம சீடர்களில் ஒருவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்கு அருகே கூரம் என்ற ஊரில் பெரும் செல்வராக இருந்து, அனைத்தையும் துறந்து ஸ்ரீரங்கம் வந்தவர். சோழ அரசன் ஒருவன் தன் கொள்கைக்குக் கையெழுத்துக் கேட்டு ராமாநுஜரை அழைத்தபோது, குருவின் காஷாயத்தைத் தாம் உடுத்திக்கொண்டு கூரத்தாழ்வான் சபைக்குச் சென்றார். குரு வெள்ளை வேஷ்டியுடன் மேற்கே சென்று, பின்னர் மேலக்கோட்டையில் தங்கினார். சபைக்குச் சென்ற கூரத்தாழ்வான் கையெழுத்திட மறுத்தார். அதன் விளைவாகத் தம் இரு கண்களையும் இழந்தார். அந்த அரசன் யார் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சம்பவத்தை குருபரம்பரை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன.

ஆண்டுகள் கழிந்து ராமாநுஜர் திரும்பி வந்தார். காஞ்சி வரதராஜப் பெருமாளைத் துதித்துக் கண் பார்வையைக் கேட்கும்படி சீடருக்கு ஆணையிட்டார். குருவின் வாக்கை மீற முடியாது. கூரத்தாழ்வானும் வரதராஜ ஸ்தவம் இயற்றி வேண்டினார். பெருமாள் வரம் தர முன்வந்தபோது அவர் என்ன கேட்டாராம்? தம்மைச் சபைக்கு இழுத்து, இந்தக் கதிக்குக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறப்போகும் நற்கதியே கிடைக்க வேண்டும் என்று கேட்டார். கண்ணைக் கேட்டபோதும், பெருமாளையும் ஆசார்யனையும் தரிசிக்கும் அளவுக்கே அது அமைந்தது என்று மரபு சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கூரத்தாழ்வான் "நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. கேட்காமலிருப்பதும் சில சமயம் ஓர் அகங்காரமாகிவிடும். கேட்கச் சொன்னார்கள், கேட்டார். ஆனால் கேட்டது தம் கணக்கைத் தீர்ப்பதற்காக இல்லை.

பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும்

ராமாநுஜருக்குப் பின் வந்த தலைமுறைகளில் ஒரு நுட்பமான கேள்வி எழுந்தது. பகவான் காப்பதற்கு ஜீவன் ஏதேனும் செய்ய வேண்டுமா, வேண்டாமா? இதை விளக்க இரண்டு உவமைகள் பிரசித்தமாயின. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது; இது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே வாயில் கவ்விக்கொண்டு போகிறது. இது மார்ஜார நியாயம். முன்னது வடகலையாருக்கும் பின்னது தென்கலையாருக்கும் உரியதாகச் சொல்வது வழக்கம். ஸ்வாமி வேதாந்த தேசிகரை (1268–1369) ஒரு பக்கத்துக்கும், பிள்ளை லோகாசார்யரை மறுபக்கத்துக்கும் மூலபுருஷர்களாகக் கொள்கிறார்கள்.

பின்னாளில் இரு தரப்புக்கும் பதினெட்டு பேதங்கள் என்று எண்ணி, அஷ்டாதச பேதம் என்ற பெயரில் பட்டியலே தயாராகிவிட்டது. காஞ்சியில் சன்னதியில் யார் எதை முதலில் சொல்லித் தொடங்குவது என்பது போன்ற விவகாரங்கள் ஆங்கிலேயர் காலத்திலேயே நீதிமன்றம் ஏறின. ஆனால் அடிப்படையில் வேறுபாடு நாம் நினைக்குமளவு பெரிதில்லை. ஜீவன் செய்யும் முயற்சி ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு மட்டுமே, காப்பவன் பகவானே என்று தேசிகரும் சொல்கிறார். இரு உவமைகளிலும் எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்று குட்டி தாய்க்குச் சொல்வதில்லை. பிடித்துக்கொண்டாலும் சரி, பிடிக்கப்பட்டாலும் சரி, வழி தாயுடையது.

ஸ்ரீரங்கத்துக்கு வந்த சோதனை

இந்தத் தத்துவமெல்லாம் ஏட்டோடு நின்றுவிட்டதா என்று பார்க்க ஒரு பெரிய சோதனை வந்தது. 1311-ல் மாலிக் காபூரின் படையெடுப்பைக் கண்ட தென்னாட்டுக்கு 1323-ல் டெல்லி சுல்தானியப் படை மறுபடி வந்தது. அது ஸ்ரீரங்கத்தை நெருங்கிய செய்தி கிடைத்ததும் கோவிலில் இருந்த பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். மூலவர் சன்னதியைக் கல்லால் மறைத்துச் சுவர் எழுப்பினார்கள். உற்சவரைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து ஒரு குழு ரகசியமாகத் தெற்கே புறப்பட்டது. மிக முதிர்ந்த வயதில் அந்தக் குழுவை நடத்திச் சென்றவர் பிள்ளை லோகாசார்யர். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடி என்னும் ஊரில், பெருமாளை ஒளித்து வைத்துக் காத்த நிலையிலேயே அவர் பரமபதித்தார்.

ஸ்ரீரங்கத்திலேயே தங்கியவர்களில் பெரும்பாலோர் மடிந்தார்கள். ஸ்ரீபாஷ்யத்துக்கு ச்ருதப்ரகாசிகை என்ற மகத்தான உரை எழுதிய சுதர்சன சூரி அவர்களில் ஒருவர். தம் நூலின் ஓலைச்சுவடியையும் தம் இரண்டு சிறு பிள்ளைகளையும் அவர் தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகர் அந்தப் பிள்ளைகளுடனும் சுவடியுடனும் பிணங்களுக்கு நடுவே மறைந்து கிடந்து, படை அகன்றபின் கர்நாடகப் பக்கம் சென்று சேர்ந்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. அந்த உரை இன்று நமக்குக் கிடைப்பது இப்படித்தான்.

இந்த இரு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது. ஜீவனின் முயற்சி தேவையில்லை என்ற பக்ஷத்துக்கு மூலபுருஷரான லோகாசார்யர், தள்ளாத வயதில் காட்டு வழியில் நடந்து பெருமாளைக் காத்தார். பற்றிக்கொள்ள வேண்டும் என்ற பக்ஷத்துக்கு மூலபுருஷரான தேசிகர், அசையக்கூட முடியாமல் பூனைக்குட்டி போலக் கிடந்து காக்கப்பட்டார். நம்பிக்கை உள்ளவன் சும்மா இருப்பான் என்பதற்கும், முயற்சி செய்பவனுக்கு நம்பிக்கை குறைவு என்பதற்கும் இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுமா? சமயத்துக்குத் தக்கபடி எது கடமையோ அதை இருவரும் செய்தார்கள்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள்

ஊரை விட்டு விலகி இருந்த காலத்தில் தேசிகர் அபீதி ஸ்தவம் என்ற துதியை இயற்றினார். அபீதி என்றால் பயமின்மை. ஸ்ரீரங்கத்தின் பயம் நீங்க வேண்டும் என்று அதில் அவர் அரங்கனிடம் வேண்டுகிறார். தயங்கித் தயங்கிக் கேட்கவில்லை. உன் ஆயுதங்களால் ஒரு க்ஷணத்தில் இதைப் போக்கிவிடு என்ற அளவுக்கு அவசரமாகவே கேட்கிறார். பிரபத்தியைப் பற்றி ந்யாஸ தசகமும் ந்யாஸ விம்சதியும் எழுதிய மகானே இப்படிக் கேட்டிருக்கிறார் என்பது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல். துக்கத்தில் இருக்கும் பக்தன் "சீக்கிரம்" என்று அழுவது தவறில்லை.

ஆனால் ஒரு க்ஷணத்தில் நடக்கவில்லை. ஒரு வருஷத்திலும் நடக்கவில்லை. அரங்கன் அழகர்கோவில், கோழிக்கோடு, மைசூர்ப் பகுதி என்று ஊர் ஊராகச் சென்று திருமலையை அடைந்தார். திருமலையில் இன்றும் உள்ள ரங்கநாயக மண்டபம் அவர் அங்கே தங்கியிருந்ததன் அடையாளம். வடக்கே இருக்கும் நாம் திருப்பதி யாத்திரை போகும்போது ஒரு நிமிஷம் அந்த மண்டபத்தில் நின்று இதை நினைத்துக்கொள்ளலாம். ஊரை விட்டு வந்து வாழ்ந்தவர்களில் அரங்கனும் ஒருவர்.

விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் மதுரை சுல்தான்களை வென்றபின், அவருடைய அதிகாரியான கோபணார்யர் திருமலையிலிருந்து செஞ்சி வழியாக அரங்கனை அழைத்து வந்து, 1371-ல் ஸ்ரீரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். கோவிலிலுள்ள வடமொழிக் கல்வெட்டு இதைச் சக வருஷம் 1293 என்று பதிவு செய்கிறது. இடைக்காலத்தில் வேறொரு உற்சவரை வைத்து ஆராதனை நடந்திருந்ததால், திரும்பி வந்தவர்தான் பழைய பெருமாள் என்பதை உறுதிசெய்ய யாருமில்லை. பழைய நாளில் பெருமாளின் வஸ்திரங்களைத் துவைத்துவந்த, பார்வை இழந்த முதியவர் ஒருவர், திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தை வாயில் விட்டுப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்று சொன்னாராம். அரங்கனுக்கு நம்பெருமாள் என்ற திருநாமம் வந்த வரலாறு இது. பண்டிதர்களால் முடியாததை, பல ஆண்டுகள் கைங்கரியம் செய்து காத்திருந்த ஒரு சலவைத் தொழிலாளி செய்தார்.

1323-லிருந்து 1371 வரை 48 ஆண்டுகள். லோகாசார்யர் அந்த நாளைக் காணவில்லை. தேசிகர் 1369-ல் பரமபதித்தார் என்ற கணக்குப்படி அவரும் காணவில்லை. அவர் இருந்து பார்த்து, கல்வெட்டிலுள்ள சுலோகங்களைத் தாமே இயற்றினார் என்று சொல்லும் மரபும் உண்டு. எப்படியானாலும், பிரார்த்தனைக்கும் பலனுக்கும் நடுவில் ஒரு வாழ்நாளின் பெரும் பகுதி போய்விட்டது. அந்த வருஷங்களில் தேசிகர் என்ன செய்தார்? பலன் கிடைக்கவில்லையே என்று அரங்கனை விட்டுவிடவில்லை. பாடம் சொன்னார், நூல்கள் எழுதினார், சுதர்சன சூரியின் பிள்ளைகளை வளர்த்தார். விஜயநகர அரசவைக்கு வித்யாரண்யர் அழைத்தபோது செல்வம் வேண்டாமென்று மறுத்து வைராக்ய பஞ்சகம் எழுதி அனுப்பினார் என்பது பிரசித்தம்.

நான் முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இங்கேதான் இருக்கிறது. வேண்டுதலுக்கும் உத்தரவுக்கும் உள்ள வித்தியாசம் நாம் சொல்லும் வார்த்தைகளில் இல்லை. இரண்டும் "சீக்கிரம் செய்" என்றே சொல்லலாம். வித்தியாசம், கேட்டு முடித்த பிறகு வருகிறது. உத்தரவு போட்டவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். காரியம் ஆகாவிட்டால் வேறு ஆளைத் தேடுவான். நம்பிக் கேட்டவன் தன் கடமையைப் பார்க்கப் போய்விடுவான்.

ஸ்மார்த்தர்களுக்கும் இதே பாடம்

இது ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று ஸ்மார்த்த அன்பர்கள் நினைக்க வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் ஆரணிக்கு அருகே அடையபலத்தில் தோன்றிய அப்பய்ய தீக்ஷிதர் சிவபக்தியில் சிறந்தவர். தேசிகரின் யாதவாப்யுதயத்துக்கு உரை எழுதியதும் காஞ்சி வரதர் மீது ஸ்தவம் பாடியதும் அவரே. தமக்குச் சுயநினைவு இல்லாதபோதும் மனம் ஈச்வரனிடத்தில் நிற்குமா என்று சோதிக்க ஊமத்தைச் சாற்றை அருந்தி, அந்த மயக்கத்தில் தாம் பேசுவதைச் சீடர்களை எழுதச் சொன்னாராம். அப்படிப் பிறந்ததாகச் சொல்லப்படும் ஐம்பது சுலோகங்களே ஆத்மார்ப்பண ஸ்துதி. பெயரே தன்னை அர்ப்பணிப்பது என்று சொல்கிறது.

"ருத்ரத்துக்குப் பின் சொல்லும் சமகத்தில் பெரிய பட்டியலே போட்டுக் கேட்கிறோமே" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். கோதுமை, உளுந்து, எள், பயறு வரை அதில் உண்டு. ஆனால் அது முடிவை நெருங்கும் இடத்தைக் கவனியுங்கள். ஆயுளும் பிராணனும் கண்ணும் காதும் மனமும் யக்ஞத்தினால் தகுதி பெறட்டும், யக்ஞமே யக்ஞத்தினால் நிறைவுறட்டும் என்று அது போகிறது. கேட்டதையெல்லாம் திருப்பிக் கொடுப்பதற்காகவே கேட்கிறோம்.

இன்னும் அருகில் உள்ளது ஒன்றைச் சொல்கிறேன். உபநயனமான ஒவ்வொருவரும் தினம் ஜபிக்க வேண்டிய காயத்ரியில் என்ன கேட்கிறோம்? பொருளைக் கேட்கவில்லை, நம் புத்தியை அவர் நல்வழியில் தூண்ட வேண்டும் என்று கேட்கிறோம். "என் புத்தி" என்றுகூட இல்லை, "எங்கள் புத்தி" என்று பன்மையில் கேட்கிறோம். அவரை நாம் நடத்துவது போய், நம்மை அவர் நடத்தட்டும் என்பதே வேதம் நமக்குக் கொடுத்த முதல் பிரார்த்தனை. ஸந்த்யாவந்தனத்தின் முடிவில் உடலாலும் வாக்காலும் மனத்தாலும் செய்தது அனைத்தையும் நாராயணனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்திருக்கிறோம். காலையில் ஒப்படைத்ததைப் பத்து மணிக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு கவலைப்படுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

நமது உறுப்பினர்களில் பலர் வயதானவர்கள்; பிள்ளைகள் வெகு தூரத்தில். ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்து ஒருவருக்காக வேண்டிக்கொண்டிருக்கும் மாமாக்களையும் மாமிகளையும் நான் அறிவேன். அவர்களிடம் "கேட்காதீர்கள், நம்புங்கள்" என்று உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது. தாராளமாகக் கேளுங்கள், தேசிகரே கேட்டார். நல்ல டாக்டரைப் பாருங்கள், மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள். சுவர் எழுப்பிவிட்டுத்தான் பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு புறப்பட்டார்கள். அதன்பின் எப்போது, எப்படி என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் விளக்கேற்றுவதையும், பக்கத்து அகத்துப் பெரியவரை விசாரிப்பதையும், குழந்தைகளுக்கு நாலு சுலோகம் சொல்லிக் கொடுப்பதையும் பலன் வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டாம்.